தழுவலா, கழுத்து நெரிப்பா?

நேற்றிரவும் தொலைக்காட்சியில் அதே படம், 2004-இல் வந்த 'தி பார்ன் சுப்ரமசி'. ராபர்ட் லட்லம் இதே பெயரில் 1986-இல் எழுதிய மூல நாவலில் கதை ஹாங்காங்கில் நடக்கும். மனைவி மரீயைக் கடத்திவைத்துக்கொண்டு நாயகனை ஆட்டிவைப்பார்கள். தலையணை கனத்துப் புத்தகத்தைத் தூக்கம் கெட்டுப் படித்தவன் நான். படத்தில் ஹாங்காங்கைக் காணோம்! கோவா, பெர்லின், மாஸ்கோ. மரீயோ தொடக்கத்திலேயே கோவாவில் சுடப்பட்டு ஆற்றோடு போய்விடுகிறாள். கடத்துவதற்கே ஆளில்லை, பிறகு எந்தக் கதை? தலைப்பை மட்டும் வாடகைக்கு எடுத்தார்களா? சரி, சண்டையையாவது பார்க்கலாமென்றால் கேமராவுக்குக் குளிர்காய்ச்சல். யார் கை, யார் மூக்கு? (மாட் டேமன் நன்றாகத்தான் நடித்திருக்கிறார், அது வேறு.) இதற்குப் பெயர் நாவலைத் தழுவிய படமாம். தழுவினார்களா, கழுத்தை நெரித்தார்களா?