போகிறவர்கள் சொல்லிவிட்டுப் போங்கோ

சுற்றுவட்டத்துக்குள் நுழையும்போது சிக்னல் போடுகிற ஆட்கள் யாழ்ப்பாணத்தில் தாராளமாக இருக்கிறார்கள். வெளியேறும்போது போடுகிற ஆளைத்தான் தேட வேண்டியிருக்கிறது. என்னைக் கேட்டால் இரண்டில் முக்கியமானது அந்த இரண்டாவதுதான். நுழையும்போது போடாவிட்டாலும் அவ்வளவு நட்டமில்லை என்றுகூடச் சொல்லுவேன் (டிரைவிங் பழக்குகிற அண்ணைமார் சண்டைக்கு வர வேண்டாம், அதுவும் போடத்தான் வேண்டும்).

தீவுகளுக்குப் போகிற பாலம் தொடங்குகிற இடத்தில் இருக்கிற பண்ணைச் சுற்றுவட்டத்தையே எடுங்கள். டவுன் பக்கமிருந்து ஸ்கூட்டியில் ஒரு அக்கா வந்து நிற்கிறார். முன்னுக்குப் பிள்ளை நிற்கிறது, ஹான்டிலில் புத்தகப் பை தொங்குகிறது. வலப்பக்கத்தால் ஒரு ஹையேஸ் வான் சுற்றி வருகிறது. அக்காவுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: இந்த வான் தனக்கு முதல் வருகிற பாதையால் கழன்று போகப் போகிறதா, தன்னைக் கடந்து சுற்றப் போகிறதா? கழன்று போவதென்றால் அவர் உடனே எடுக்கலாம். சுற்றுவதென்றால் நிற்க வேண்டும். வான்காரர் இடது சிக்னலை ஒரு தரம் தட்டிவிட்டால் விஷயம் முடிந்தது. அவரோ நுழையும்போது போட்ட வலது சிக்னலோடேயே இடப்பக்கம் கழன்று தன் பாட்டில் போகிறார். அக்கா சும்மா நிற்கிறார். பின்னால் நிற்கிற ஓட்டோ ஹோர்ன் அடிக்கிறது. இப்படி நாலு வாகனத்திடம் ஏமாந்த பிறகு அவரும் ஒரு முடிவுக்கு வருவார்: சிக்னலைப் பார்த்துப் பிரயோசனமில்லை, இடைவெளி கண்டால் பாய வேண்டியதுதான். அதற்குப் பிறகு வருகிற வான்காரர் உண்மையாகவே வலப்பக்கம் சுற்றுகிறவராக இருந்தால்? அந்த இடிக்கு முதல் வான்காரருக்கும் பங்கு உண்டு. ஆனால் அவர் அப்போது மண்டைதீவு தாண்டியிருப்பார்.

முறை ஒன்றும் பெரிய வித்தையில்லை. முதல் பாதையால் இடப்பக்கம் போகிறவர் இடது சிக்னலோடு இடது லேனில் வந்து அப்படியே கழன்று போக வேண்டும். நேரே போகிறவர் சிக்னல் இல்லாமல் உள்ளே வந்து, முதல் பாதையைக் கடந்ததும் இடதைப் போட வேண்டும். வலப்பக்கம் போகிறவரும் வந்த வழியே திரும்புகிறவரும் வலது சிக்னலோடு நடுத்திட்டை ஒட்டிச் சுற்றி, தாங்கள் கழறுகிற பாதைக்கு முந்தினதைக் கடந்ததும் இடதுக்கு மாற்ற வேண்டும். நாலு பேரும் வேறுவேறு இடத்துக்குப் போனாலும் கடைசியில் எல்லோரும் போடுவது இடது சிக்னல்தான். சுற்றுவட்டத்திலிருந்து யாரும் வலப்பக்கமாக வெளியேற முடியாதே.

இனி ஹசாட் கூட்டம். சந்தியில் நேரே போகிறேன் என்று காட்டுவதற்கு இரண்டு பக்க லைட்டையும் மினுக்குகிறவர்கள். இதை யார் எங்களுக்குச் சொல்லித் தந்ததோ தெரியாது, ஆனால் சொல்லித் தந்தவர் நல்லாயிருக்க மாட்டார். நேரே போவதற்குச் சிக்னலே தேவையில்லை. அதோடு, பக்கத்தில் நிற்கிறவருக்கு உங்கள் வாகனத்தின் ஒரு மூலைதான் தெரியும், மற்றதை இன்னொரு வாகனம் மறைத்திருக்கும். ஆகவே இடப்பக்கம் நிற்கிறவர் நீங்கள் இடப்பக்கம் திரும்புகிறீர்கள் என்று நினைப்பார், வலப்பக்கம் நிற்கிறவர் வலப்பக்கம் என்று நினைப்பார். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கும் பொய் சொல்லக்கூடிய ஒரே லைட் அதுதான். பழுதாகி ஓரமாக நிற்கும்போது போடுவதற்குத்தான் அதை வைத்திருக்கிறார்கள்.

மோட்டார் சைக்கிள்காரரின் கதை வேறு. கார் சிக்னல் ஸ்டியரிங் நேரானதும் தானாக விழுந்துவிடும், சைக்கிளில் கையால் நிற்பாட்ட வேண்டும். அதனால் கொக்குவிலில் போட்ட சிக்னல் ஆஸ்பத்திரி வீதி வரைக்கும் மினுங்கிக்கொண்டு வரும். முன்னால் மினுங்குகிற ஒரு மோட்டார் சைக்கிளை நம்பி யாராவது எடுத்தால் அது அவரவர் துணிச்சல். ஓட்டோக்காரர் வலது கையை வெளியே நீட்டுவார். அந்தக் கை திரும்புகிறேன் என்றும் இருக்கலாம், நில் என்றும் இருக்கலாம், முந்திப் போ என்றும் இருக்கலாம், எதிரில் வருகிற தன் மச்சானுக்கு வணக்கமாகவும் இருக்கலாம்.

லேன் பற்றி நிறையச் சொல்லி வேலையில்லை, ஏனென்றால் எங்களுக்கு லேன் என்றால் வாகனம் புகக்கூடிய இடம். ஆனால் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். சுற்றுவட்டத்துக்குள் பஸ்ஸுக்கு இடப்பக்கத்தால் மோட்டார் சைக்கிளை நுழைக்காதீர்கள். நீண்ட வாகனம் திரும்பும்போது முன் சக்கரம் போன தடத்தில் பின் சக்கரம் போவதில்லை, உட்பக்கமாக வெட்டிக்கொண்டுதான் வரும். குறிகட்டுவான் பஸ் தீவுப் பக்கம் கழறுவதற்கு இடதுக்கு ஒடிக்கும்போது அந்த வெட்டு விழுவது சரியாக நீங்கள் நிற்கிற இடத்தில். டிரைவரின் கண்ணாடியில் நீங்கள் தெரியாமலும் இருக்கலாம். அவர் சிக்னல் போட்டாரா இல்லையா என்று பிறகு கதைத்து என்ன செய்வது?

சுற்றுவட்டத்தைப் பிடுங்கிவிட்டுச் சிக்னல் லைட் பூட்டினால் எல்லாம் சரி என்று ஒரு கட்சி இருக்கிறது. நான் அந்தக் கட்சி இல்லை. நாலு பாதை சந்திக்கிற சாதாரண சந்தியில் வாகனங்களின் தடங்கள் ஒன்றோடொன்று மோதக்கூடிய புள்ளிகள் 32. அதையே ஒற்றை லேன் சுற்றுவட்டமாக்கினால் 8. நேருக்கு நேர் மோதுவதற்கும் நடு வயிற்றில் வந்து இடிப்பதற்கும் இடமில்லை, எல்லோரும் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். அதைவிட, 2022 இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினார்களே, அப்போதும் சுற்றுவட்டம் வேலை செய்தது.

ஆனால் அது வேலை செய்வதற்கு ஒரு விதி வேண்டும். பிரித்தானியாவிலேயே சுற்றுவட்டங்கள் ஒரு காலத்தில் இறுகிப்போய் நின்றன. உள்ளே நிற்கிறவர் வெளியே வர முடியாமல் வெளியே நிற்கிறவர் நுழைந்துகொண்டிருந்தார். 1966 இல்தான் வலப்பக்கத்தால் வருகிறவருக்கு, அதாவது ஏற்கெனவே உள்ளே சுற்றுகிறவருக்கு, வழி விட வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். எங்களுக்கும் அதே விதிதான். பண்ணைப் பாலத்தால் இரண்டு பக்கமும் கடலைப் பார்த்துக்கொண்டு நேர் றோட்டில் இழுத்து வருகிற ஆட்களுக்கு மட்டும் அது நினைவுக்கு வருவதில்லை. தாங்கள் வந்த வேகத்துக்கு மற்றவன் ஒதுங்க வேண்டும் என்று நினைக்கிறார்கள்.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வாடகை வான் எடுத்து ஓடுகிற வெளிநாட்டு உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. ‘எங்கட நாட்டில இப்பிடி இல்லை’ என்று சொல்லுகிறீர்கள், சரி. கனடாவில் நீங்கள் மற்றப் பக்கத்தால் சுற்றிப் பழகினவர்கள், இங்கே முதல் இரண்டு நாளும் கொஞ்சம் மெல்லமாக ஓடுங்கோ. பாரிஸ் ஆட்கள் ஆர்க் து திரியோம்ஃபைச் சுற்றுகிற அந்தப் பெரிய வட்டத்தை நினைத்துப் பாருங்கோ. அங்கே நுழைகிறவருக்குத்தான் முதல் உரிமை, உள்ளே சுற்றுகிறவர் நிற்க வேண்டும். அந்தப் பழக்கத்தோடு பண்ணைக்கு வந்தால் என்ன நடக்கும்?

பொலிஸ் நிற்கிறார்கள்தானே என்பீர்கள். ஓம், ஹெல்மெட் பார்ப்பார்கள், லைசென்ஸ் பார்ப்பார்கள், இன்சூரன்ஸ் பார்ப்பார்கள், எல்லாம் தேவையானவை. சுற்றுவட்டத்தில் சிக்னல் போடாமல் வெளியேறினதற்காகத் துண்டு எழுதப்பட்ட ஒருவரை மட்டும் நான் இன்னும் சந்திக்கவில்லை. அப்படி யாராவது இருந்தால் கீழே சொல்லுங்கோ, தண்டம் எவ்வளவு என்று அறிய ஆசையாக இருக்கிறது.