நீங்கள் யார் பக்கம் என்று கேட்டவர்களுக்கு

எந்த வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாலும், நம்மவர்கள் நடத்திய ஒரு பள்ளியை மூடச் சொன்ன பேச்சாகவே இருக்கிறது. எந்தப் பள்ளி, யார் நடத்தியது என்பது ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் நம்மவர்களுக்குத் தெரியும். பெயர் எழுதப் போவதில்லை. மூடச் சொல்லிக் கல்வித் துறை நோட்டீஸ் கொடுத்தது; அன்று சாயங்காலமே "அந்நிய மண்ணில் தமிழனுக்கு அநீதி" என்று போஸ்டர் வந்துவிட்டது. அதன் கீழே நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: பதிவுச் சான்றிதழ் இருந்ததா? அதற்கு வந்த பதில், "நீங்க யார் பக்கம் மேடம்?"

அந்தப் பிள்ளைகள் பக்கம். வருஷத்தின் நடுவில் எந்தப் பள்ளியில் இடம் கிடைக்கும் என்று தெரியாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்கள் பக்கம்.

பதிவு இல்லாமல் இந்த நாட்டில் பள்ளி நடத்தக் கூடாது. நமக்காக யாரும் புதிதாகப் போட்ட விதி இல்லை இது. 1996-ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டம், 46-ஆம் பிரிவு. அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது, அதை யாரும் படிப்பதில்லை: தரம் அரசுப் பள்ளிக்குக் குறையாமல் இருந்து, சேர்க்கையில் இனபேதம் பார்க்காமல், மாகாணம் கேட்கும் நிபந்தனைகளையும் நிறைவேற்றினால், மாகாணக் கல்வித் துறைத் தலைவர் பதிவு செய்தே ஆக வேண்டும். யார் காலிலும் விழ வேண்டியதில்லை. பேசி, எழுதிக் கொடுத்து, உரிமையாக வாங்கலாம்.

நான் வாங்கியிருக்கிறேன். வேலை பார்க்கும் பள்ளி கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம்; அதன் பதிவு வேலை முழுவதும் என் மேஜையில்தான் நடந்தது. சுலபம் என்று சொல்ல மாட்டேன். குடியிருப்பு மனையில் பள்ளி நடத்த முனிசிபாலிட்டி அனுமதி, தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று, குத்தகைப் பத்திரம். ஆசிரியர்கள் எல்லாரும் நாட்டின் ஆசிரியர் கவுன்சிலான சேஸில் (SACE) பதிவு செய்திருக்க வேண்டும். ஊரிலிருந்து வந்தவர்களின் பி.எட்.டை முதலில் சாக்வா (SAQA) என்ற கல்வித் தகுதி ஆணையம் மதிப்பிட வேண்டும், அப்புறம் போலீஸ் சான்று. ஒவ்வொரு நகலுக்கும் போலீஸ் ஸ்டேஷன் வரிசையில் நின்று சீல் வாங்க வேண்டும். அந்தச் சீல் மூன்று மாதம் தாண்டினால் பழசு என்று திருப்பி விடுவார்கள். ஒரு அலுவலகத்தில் எங்கள் ஃபைலே காணாமல் போனது. மறுபடியும் முதலிலிருந்து வரிசை. அழுதிருக்கிறேன். ஆனால் பேசினால் கேட்டார்கள். முதலாளி பன்னிரண்டாம் வகுப்பு வரை வேண்டும் என்றார், லேப் இல்லாமல் முடியாது என்றது கல்வித் துறை. ஏழாம் வகுப்பு வரை இப்போது கொடுங்கள், லேப் கட்டிவிட்டு மேல் வகுப்புக்கு வருகிறோம் என்று எழுதிக் கொடுத்தோம். ஒத்துக்கொண்டார்கள்.

தீயணைப்பு அதிகாரி வந்த நாள் எனக்கு மறக்காது. இந்த ஊர் வீடுகளில் திருட்டுப் பயத்தில் வாசலுக்கு வாசல் இரும்புக் கேட் இருக்கும். அவர் நேராகப் பின்வாசலுக்குப் போனார். கேட்டைப் பிடித்து ஆட்டினார். பூட்டு. சாவி எங்கே என்றார். ஆபீஸ் டிராயரில் என்றார் முதலாளி. "போய் எடுத்து வாருங்கள்" என்று சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். முதலாளி திரும்பி வருவதற்குள் எங்களுக்கெல்லாம் முகம் வெளுத்துவிட்டது. அதிகாரி திட்டவில்லை. உள்பக்கமிருந்து சாவி இல்லாமல் திறக்கும் பூட்டு மாட்டுங்கள், அப்புறம் கையெழுத்துப் போடுகிறேன் என்று போய்விட்டார்.

தமிழர்களே, நாமா கேட்பது, தீயணைப்புச் சான்று எதற்கு என்று? 2004 ஜூலை 16, கும்பகோணம். கூரைக் கொட்டகையில் பற்றிய தீ. 94 பிள்ளைகள். அந்தச் செய்தியை டிவியில் பார்த்துக் கதறிய தலைமுறை நாம். அதற்கப்புறமும் "சின்னப் பேப்பர் இல்லைன்னு மூடிட்டாங்க" என்று எழுத எப்படிக் கை வருகிறது?

இனவெறி என்கிறீர்கள். இந்த நாட்டில் பதிவு ஒரு காலத்தில் ஆயுதமாக இருந்தது, மறுக்கவில்லை. 1953 பாண்டு கல்விச் சட்டத்தில் பதிவில்லாமல் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்துவது குற்றம். 1955-இல் அந்தச் சட்டப்படி நடந்த பள்ளிகளை மக்கள் புறக்கணித்தபோது பள்ளி என்ற பெயரே சொல்லாமல் கலாசார மன்றம் என்று நடத்தினார்கள், அங்கேயும் போலீஸ் வந்தது. அந்த வலியை அனுபவித்தவர்கள் எழுதிய அரசியல் சட்டம்தான் 29-ஆம் பிரிவில், சொந்தச் செலவில் பள்ளி தொடங்கும் உரிமையை எல்லாருக்கும் கொடுக்கிறது. இனபேதம் கூடாது, பதிவு வேண்டும், தரம் வேண்டும். அவ்வளவுதான். அவர்கள் பட்டதையும் இந்த நோட்டீஸையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

லஞ்சம் கொடுத்திருந்தால் முடிந்திருக்கும் என்கிறவர்களுக்குப் பதில் சொல்ல விருப்பமில்லை. எங்களிடமும் ஒரு தரகர் வந்தார். டீ கொடுத்து அனுப்பிவிட்டோம்.

அரசுப் பள்ளிகளிலேயே குழிக் கழிப்பறை இருக்கிறதே, அவர்கள் நம்மைக் கேட்கலாமா என்று ஒரு அண்ணன் கேட்டிருந்தார். நியாயமான கோபம். 2014-இல் லிம்போபோ மாகாணத்தில் ஐந்து வயதுக் குழந்தை அந்தக் குழியில் விழுந்து செத்தது. அதற்கு அரசைக் கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். ஆனால் அதைக் காட்டி நம் பிள்ளைகளைப் பூட்டிய கேட்டுக்குள் வைக்க முடியாது.

போஸ்டரில் 1860-இல் கப்பலேறி வந்த முன்னோர்களை வேறு இழுத்திருக்கிறார்கள். அந்த மக்களின் பிள்ளைகளுக்கு மேல்படிப்பு வேண்டும் என்று, வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரி 1927-இல் இந்திய அரசின் பிரதிநிதியாக (ஏஜென்ட்) வந்து, டர்பன் இருக்கும் நேட்டால் மாகாண அரசோடு பேசினார். நம் மக்களிடம் பணம் திரட்டி, அரசு ஏற்று நடத்தச் சம்மதிக்க வைத்தார். 1929-இல் டர்பனில் சாஸ்திரி கல்லூரி திறந்தது. வெள்ளையர் ஆட்சியிலேயே உட்கார்ந்து பேசி வாங்கியிருக்கிறார்கள். இப்போது சட்டம் நம் பக்கம் இருக்கும்போது ஒரு விண்ணப்பம் கூடவா போட முடியவில்லை?

அரசாங்கத்துக்கு வால் பிடிக்கிறவள் என்று எழுதியவரின் மகன் எங்கள் பள்ளியில்தான் படிக்கிறான். சாயங்காலம் வேன் லேட்டானால் நான்தான் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். நீங்கள் இப்படி எழுதியிருக்க வேண்டாம் அண்ணே.

மூடிய பள்ளியின் பெற்றோர்கள் இன்பாக்ஸில் வாருங்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, இதற்கு முன் படித்த பதிவு பெற்ற பள்ளியின் ரிப்போர்ட் இருந்தால் அது, எல்லாம் எடுத்து வையுங்கள். அடுத்த பள்ளிக்குப் போனதும் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். எங்கள் சான்றிதழில் பள்ளி முகவரியும் எந்தெந்த வகுப்புக்கு அனுமதி என்பதும் இருக்கிறது. அங்கேயும் அதைப் பாருங்கள். நடத்தியவர்களுக்கும் சொல்கிறேன்: நீங்கள் விண்ணப்பித்து அவர்கள் நிராகரித்திருந்தால், எழுத்தில் காரணம் கேட்கும் உரிமை அரசியல் சட்டம் 33-ஆம் பிரிவில் இருக்கிறது. அந்த விண்ணப்பத்தின் நகலைக் கொண்டு வாருங்கள். மனு நானே எழுதித் தருகிறேன்.