வேலிக்கு முதலில் ஒரு ஆளைப் போடுங்கள்

அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சோலார் வேலிக் கம்பியை மிதித்துத் தள்ளிவிட்டு ஆனை ராகிக் கொல்லைக்குள் நிதானமாக நடந்து போகிறது. எனக்கு அதில் அதிர்ச்சி இல்லை, கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தேன்கனிக்கோட்டைப் பக்கம் பிறந்தவர்களுக்கு அது புதிதும் இல்லை. ஆனால் கீழே ஒருவர் எழுதியிருந்தாரே, "இவங்களுக்கு எதைக் கொடுத்தாலும் நாசம் பண்ணிடுவாங்க" என்று, அதுதான் தூங்கவிடவில்லை. அதற்கு எத்தனை சிரிப்பு!

நாங்கள் நாசம் பண்ணவில்லை. வேலியைப் போட்டவர்கள் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் போடவில்லை. இதைத்தான் இந்தப் பதிவு முழுக்கச் சொல்லப்போகிறேன்.

சோலார் வேலி எப்படி வேலை செய்கிறது என்று சிரித்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம் பல ஆயிரம் வோல்ட்டாக, ஏறக்குறைய நொடிக்கு ஒரு முறை, கண நேரம் மட்டும் கம்பியில் பாயும். ஆனைக்குச் சுரீர் என்று இருக்கும், உயிர் போகாது. ஆனால் மழைக்குப் பிறகு உண்ணிச்செடி வளர்ந்து கம்பியைத் தொட்டால் போதும், அத்தனை விசையும் மண்ணுக்குள் இறங்கிவிடும். கோடையில் மண் காய்ந்தால் எர்த் கம்பியருகே தண்ணீர் ஊற்ற வேண்டும். சில வருடத்தில் பேட்டரி செத்துவிடும். செடி வெட்ட, தண்ணீர் ஊற்ற, பேட்டரி மாற்ற ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் எந்தத் திட்டத்தில் இருக்கிறது?

எங்கள் ஊர் வேலி வந்த முதல் வருடம் அப்பா கொல்லையில் ராக்காவலுக்குக் கட்டிய பரணிலிருந்து இறங்கி வீட்டில் படுத்தார். அதுவரை ராகி பால் பிடித்தால் போதும், அறுவடை வரை தகர டப்பாவும் பட்டாசுமாகப் பரணில்தான் இருப்பார். அம்மாவுக்கு விடியும்வரை காது அந்தப் பக்கமே இருக்கும். அப்புறம் பேட்டரி போனது. மனு மேல் மனு கொடுத்தோம். "டெண்டர் விடணும்" என்றார்கள். அப்பா மறுபடி பரண் ஏறினார். முட்டி வலியோடு அந்த ஏணியில் அவர் ஏறியதைப் பார்த்தவனிடம் வந்து, நாசம் பண்ணினோம் என்கிறீர்கள்.

வால்பாறையில் ஆனை எங்கே நிற்கிறது என்று அங்குள்ள மக்களுக்கு 2011லிருந்து எஸ்எம்எஸ் போகிறது. ஆனை பக்கத்தில் இருக்கிறது என்று எச்சரிக்க, கைபேசியிலிருந்தே போடக்கூடிய சிவப்பு விளக்குகளும் வைத்தார்கள். இதற்காக இந்த ஏற்பாட்டைச் செய்த ஆராய்ச்சியாளர் ஆனந்தகுமாருக்கு 2015இல் விட்லி விருது என்ற வனஉயிர்ப் பாதுகாப்பு விருது கிடைத்தது. பெரிய செலவு பிடிக்கும் கருவி எதுவும் இல்லை. அந்த விளக்கைப் போடுவது அங்கேயே குடியிருக்கும் மக்கள். அதனால்தான் அது நிற்கிறது.

"ஆனை கெட்டிக்காரப் பிராணி, தந்தத்தால் கம்பியை அறுத்துவிடும், எந்த வேலியும் நிற்காது" என்பார்கள். உண்மைதான், தந்தத்தில் ஷாக் அடிக்காது என்பது அதற்குத் தெரியும். காய்ந்த மரத்தைக் கம்பி மேல் தள்ளும் ஆனையும் உண்டு. சரி, அதற்காக வேலியே வேண்டாமா? அறுந்த இடத்தை மறுநாளே கட்ட ஆள் இருந்தால் அது ஒரு நாள் நஷ்டம். இல்லாவிட்டால் அந்த வெள்ளாமையே போச்சு.

"காட்டை ஆக்கிரமித்தது நீங்கள்தானே?" இதற்குப் பதில் சொல்லவே எனக்கு மனம் வரவில்லை. பாட்டன் காலத்துப் பட்டா நிலம் எங்களுடையது. ஜவளகிரி, அஞ்செட்டிப் பக்கம் வந்து பாருங்கள். கர்நாடகாவின் பன்னேருகட்டா காட்டிலிருந்து வரும் ஆனைகளுக்கு எது பட்டா, எது காடு என்று தெரியாது, அதுகள் மேல் எங்களுக்குக் கோபமும் இல்லை.

2023 மார்ச்சில் மாரண்டஅள்ளிப் பக்கம் சட்டவிரோத மின்வேலியில் மூன்று ஆனைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. அன்று எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டுக் கரண்டை வேலியில் விடுவதை நான் எந்தக் காலத்திலும் நியாயப்படுத்த மாட்டேன், அது ஆனையையும் கொல்லும், ராத்திரி வெளியே போகும் மனுஷனையும் கொல்லும். ஆனால் செத்துப்போன சோலார் வேலியைப் பார்த்துக்கொண்டே ஒருவன் எத்தனை ராத்திரி உட்கார்ந்திருப்பான்? அந்தக் கேள்வியை ஏன் யாரும் கேட்பதில்லை? ஆனை செத்தால் மெழுகுவத்தி ஏற்றுகிறீர்கள். எங்கள் ஊர் ஆள் மிதிபட்டுச் செத்தால் பத்திரிகையில் ஒரு மூலைச் செய்தி. எங்களுக்கு அழ ஆள் வேண்டாம், வேலியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

நவம்பர் 1 கிராமசபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரக் கேட்கப்போகிறோம்: புது பேட்டரி, ஊரிலேயே பயிற்சி கொடுத்த இரண்டு பேர், அவர்களுக்கு மாதச் சம்பளம். தளி, அஞ்செட்டி, பாலக்கோடு பக்கம் இருக்கிறவர்கள் உங்கள் ஊர்க் கிராமசபையிலும் இதையே கேளுங்கள். மனு எழுதத் தெரியாவிட்டால் இன்பாக்ஸில் வாருங்கள், நான் எழுதித் தருகிறேன்.