படுவான்கரை வயலுக்கு எந்த மரண வரி?

அமெரிக்காவின் ‘மரண வரி’, அதாவது இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்து மீதான வரி, விவசாயக் குடும்பங்களை அழிக்கிறது என்கிறது ஒரு கட்டுரை. சரி, கணக்கைப் பார்ப்போம். 2026இல் இறப்பவரின் சொத்தில் 15 மில்லியன் டொலர் வரை அங்கே மத்திய அரசின் வரி கிடையாது. அதற்கு மேலுள்ளதற்குத்தான், அதிகபட்சம் 40 வீதம்.

2023 சர்வதேச நாணய நிதியத் திட்டத்தில் இங்கே இலங்கையிலும் பரம்பரைச் சொத்து வரி பேசப்பட்டபோது, மட்டக்களப்பின் களுவாஞ்சிகுடித் தேநீர்க்கடையில் முதலில் பதறியவர், வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இரண்டு ஏக்கர் வயல் வைத்திருக்கும் பெரியவர். மனுசன் வீட்டையும் வளவையும் எப்போதோ மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தாயிற்று! கொழும்பில் மாடி மாடியாக வைத்திருப்பவருக்காக இவர் ஏன் பதற வேண்டும்? சவர்க்காரத்துக்கு 18 வீத வற் வரியை மட்டும் பேசாமல் கட்டுகிறார். அந்த அமெரிக்க வரியின் விலக்கு எல்லை எவ்வளவு என்பதையாவது கட்டுரையாளர் எழுதியிருக்கலாம்.