அர்னால்ட் ஒப்பந்தத்தை முறித்துவிட்டு ஓடவில்லை

கோத்தகிரி பக்கம் கால்பந்து ஆடும் பையன்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "லிவர்பூல் ஒப்பந்தத்தை முறித்துவிட்டு ட்ரென்ட் அலெக்சாண்டர்-அர்னால்ட் ரியல் மாட்ரிட்டுக்கு ஓடிவிட்டார். கிளப்புக்குப் பைசாகூடக் கிடைக்கவில்லை." நேற்று டீக்கடையில் ஒரு தம்பி, வர்க்கியை டீயில் நனைத்ததையும் மறந்து, இதை என்னிடம் நீட்டினான். "துரோகம்தானே அண்ணா?" கண் கலங்கியிருந்தது. வர்க்கி கரைந்து கிளாசுக்குள் விழுந்துவிட்டது.

செய்தியில் இருக்கும் இரண்டுமே தவறு. இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப்புடன் அர்னால்டுக்கு இருந்த ஒப்பந்தம் 2025 ஜூன் 30 வரைதான். அதை அவர் புதுப்பிக்கவில்லை, அவ்வளவுதான். கிளப்புகளுக்கான உலகக் கோப்பையில் ஆடுவதற்காக ஒரு மாதம் முன்னதாக அவரை விடுவிக்கச் சொல்லி, ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் கிளப் லிவர்பூலுக்குப் பணமும் கொடுத்தது.

சரி, ஒப்பந்தம் முடிந்தால் சும்மா போகலாமா? போகலாம். இந்த உரிமை லேசில் வந்ததல்ல. பெல்ஜியத்தின் ஆட்டக்காரர் ஜான்-மார்க் போஸ்மன், லியேஜ் கிளப்புடன் 1990இல் ஒப்பந்தம் முடிந்தபின் பிரான்சின் டன்கெர்க் கிளப்புக்குப் போக விரும்பினார். அன்று ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரருக்கும் பழைய கிளப் விலை கேட்கலாம். அந்தச் சிக்கலில் மாற்றம் நின்றுபோக, வழக்குப் போட்டார். 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதற்குள் அவருடைய ஆட்டக்காலம் பாழாகிவிட்டது. எனக்கு அவரை நினைத்தால்தான் மனசு கனக்கிறது.

இன்று உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதிப்படி, ஒப்பந்தத்தின் கடைசி ஆறு மாதத்தில் வேறு கிளப்புடன் முன்கூட்டியே கையெழுத்திடலாம். ஜெர்மனியின் டார்ட்மண்ட் கிளப்பில் இருந்த போலந்து ஆட்டக்காரர் லெவன்டோவ்ஸ்கி 2014 ஜனவரியில் அப்படித்தான் அங்குள்ள பயர்ன் கிளப்புடன் கையெழுத்திட்டார். சீசன் முடியும்வரை டார்ட்மண்டுக்குத்தான் ஆடினார்.