மணிக்கு 70 டாலரும் பணியாளர் சம்பளமா?

‘ஆஸ்திரேலியாவில் மாற்றுத்திறனாளி ஆதரவுப் பணியாளருக்கு மணிக்கு 70 டாலர் சம்பளம்’ என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

என்டிஐஎஸ் என்ற தேசிய மாற்றுத்திறனாளி காப்பீட்டுத் திட்டத்தில், 2025 ஜூலை முதல் வார நாள் பகல்நேரச் சாதாரண உதவிக்கான விலை வரம்பு மணிக்கு 70.23 டாலர். அதாவது, சேவை நிறுவனம் திட்டத்திலிருந்து அதிகபட்சம் கேட்கக்கூடிய தொகை. பணியாளரின் ஊதியம் அதில் ஒரு பகுதிதான். 12 சதவீத ஓய்வூதியப் பங்களிப்பு, விடுப்புச் சம்பளம், விபத்துக் காப்பீடு, பயிற்சி, மேற்பார்வை, அலுவலகச் செலவு எல்லாம் அந்தத் தொகைக்குள்ளேயே அடங்கும். சனி, ஞாயிறு, பொது விடுமுறை என்றால் வரம்பு கூடும், ஏனென்றால் அன்றைக்குச் சட்டப்படி ஊதியமும் கூடும்.

சரி, சுயதொழிலாக வேலை செய்பவர்? பணம் நேராக அவருக்கே வரும். ஆனால் வரி, காப்பீடு, ஓய்வூதியச் சேமிப்பு எல்லாம் அவர் பொறுப்பு. வேலை இல்லாத நாளில் வருமானமும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 70.23 என்பது உச்சவரம்புதான், கட்டாய விலை அல்ல. குறைத்துக் கேட்கும் உரிமை குடும்பங்களுக்கு உண்டு. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் பயணச் செலவு, கடைசி நேர ரத்துக் கட்டணம் இரண்டையும் கண்டிப்பாகக் கேளுங்கள். உங்களுக்கு ஒதுக்கிய திட்ட நிதி அவற்றாலும் வேகமாகக் கரையலாம்.