கண்ணாடி விற்றவர்கள் கடையை மூடினால்?

பார்வையற்றவர்களுக்கான நவீனக் கண்ணாடிகள் பற்றிய காணொளிகளை நண்பர்கள் எனக்கு அடிக்கடி அனுப்புகிறார்கள். எழுத்தைப் படித்துச் சொல்கிறது, எதிரே வருபவர் யாரென்று காதில் சொல்கிறது. நல்ல விஷயம்தான். வங்கியிலிருந்து வந்த கடிதத்தை அடுத்தவரிடம் நீட்டாமல் தானே படித்துக்கொள்ள முடிவது எத்தனை பெரிய விடுதலை! ஆனால், அதைச் செய்து விற்ற நிறுவனம் கைவிட்டுவிட்டால் என்ன ஆகும் என்று யாருமே கேட்பதில்லை. எனக்கு அந்தக் கேள்விதான் முதலில் வருகிறது.

அமெரிக்காவின் 'செகண்ட் சைட்' நிறுவனத்தின் கதை அப்படிப்பட்டது. அதன் 'ஆர்கஸ் 2' கருவிக்கு 2013இல் அந்நாட்டு அரசின் அனுமதி கிடைத்தது. மூக்குக்கண்ணாடியில் ஒரு கேமரா, இடுப்பில் ஒரு சிறு கணினி, விழித்திரையின் மேல் அறுவை சிகிச்சையால் பொருத்திய 60 மின்முனைகள். முழுப் பார்வை வராது. வெளிச்சப் புள்ளிகளாகத் தெரியும். கதவு எங்கே இருக்கிறது, சாலைக் கோடு எங்கே போகிறது என்று ஊகிக்கலாம். பரம்பரை விழித்திரை நோயால் பார்வை இழந்து, பல ஆண்டுகள் இருளில் இருந்தவர்களுக்கு அதுவே பெரிது. உலகம் முழுவதும் 350க்கும் மேற்பட்டவர்கள் பொருத்திக்கொண்டார்கள். 2019இல் நிறுவனம் அந்தக் கருவியைக் கைவிட்டது; 2020இல் பெரும்பாலான ஊழியர்களையும் அனுப்பிவிட்டது. பழுதானால் சரிசெய்ய ஆளில்லாமல் போனது, உதிரிபாகமும் கிடைக்கவில்லை. கண்ணுக்குள் மட்டும் கருவி அப்படியே இருந்தது. ஒரு மனிதரின் உடம்புக்குள் கை வைத்தவர்கள் இவ்வளவு எளிதாக விலகிப் போக எந்தச் சட்டமும் இடம் கொடுத்திருக்கக் கூடாது. இதை எண்ணும்போதெல்லாம் எனக்குக் கோபம் ஆறுவதில்லை.

உடம்புக்கு வெளியே அணிவதற்கும் இதே ஆபத்து உண்டு. கார்த்திக் மகாதேவனும் கார்த்திக் கண்ணனும் நெதர்லாந்தில் தொடங்கிய 'என்விஷன்', எழுத்தைப் படித்துச் சொல்லும் தன் கண்ணாடியை 'கூகுள் கிளாஸ்' என்ற கணினிக் கண்ணாடியின் மேல்தான் உருவாக்கியது. 2023 மார்ச்சில் கூகுள் அந்தக் கண்ணாடியின் விற்பனையையே நிறுத்திவிட்டது.

இதனால்தான் டெல்லி ஐஐடியில் உருவாகி, 2014இல் வெளிவந்த 'ஸ்மார்ட்கேன்' மீது எனக்குத் தனி மதிப்பு. சென்னையின் பீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் அதைத் தயாரித்தது. வழக்கமான வெள்ளைக் கைத்தடியின் பிடியில் பொருத்தும் கருவி அது. தடி தரையைத் தடவிப் பள்ளத்தைக் காட்டும். ஆனால் தாழத் தொங்கும் மரக்கிளையையோ நிறுத்திவைத்த லாரியின் பின்புறத்தையோ அது காட்டாது. முகத்தில் அடிபட்ட பிறகுதான் தெரியும். முழங்காலுக்கு மேலே உள்ள அத்தகைய தடைகளைக் கருவி காதுக்குக் கேட்காத மீயொலியால் அறிந்து, பிடியை அதிரவைத்து எச்சரிக்கிறது. பேட்டரி தீர்ந்தாலும் கையில் தடி இருக்கிறது. வீடு போய்ச் சேரலாம்.

அரசோ அறக்கட்டளையோ இத்தகைய கருவிகளை வாங்கிக் கொடுக்கும்போது மேடையில் படம் எடுத்துக்கொள்வதோடு நிறுத்திவிடாதீர்கள். எத்தனை ஆண்டுகளுக்குப் பழுது பார்ப்பார்கள், இணையம் இல்லாத இடத்தில் தமிழ் எழுத்தைப் படிக்குமா, நிறுவனம் மூடப்பட்டால் மென்பொருளை யாரிடம் ஒப்படைப்பார்கள் என்பதையெல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். அந்த ஒப்பந்தத்தை முடிவு செய்யும் மேசையில் பார்வையற்றவர்களும் உட்கார்ந்திருக்க வேண்டும்.